எட்டு ஆட்டுத் தோலும் கச்சான் காற்றும்: ஏறாவூர்ப் பக்கத்துப் பட்டைப் பதனிடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்புக் கூத்தில் சதங்கை மணிகளைக் கோத்திருக்கும் கட்டுத்தான் ஆடுகிறவரின் கணுக்காலில் நேரே படுகிறது. பழைய கட்டுகள் தோலில் இருந்தன. இப்போது கடையில் கிடைப்பது றெக்சின் என்ற செயற்கைத் தோல். ஒரு மணித்தியாலம் மேடையில் ஆடி இறங்குகிறவருக்கு அது போதும். வட்டக்களரியில், அதாவது கூத்தின் வட்டமான ஆடுகளத்தில், விடியவிடிய நின்று ஆடுகிறவருக்குப் போதாது. றெக்சின் வியர்வையை வாங்காது. ஓரம் மடிந்து சதையை அராவும். அரங்கேற்றம் முடிந்த காலையில் இளம் கூத்தர்களின் கணுக்காலைப் பார்த்தால் தெரியும்.

ஏறாவூருக்குக் கிட்டவுள்ள ஒரு தமிழ்க் கிராமத்தின் கூத்துக் குழு, 2024இல் இதற்கு ஒரு வழி தேடியது. சட்டம் கொடுத்து, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து, முடிந்திருந்தது. சதங்கை அணிய இன்னும் மாதங்கள் இருந்தன. அதற்குள் ஆட்டுத் தோலை ஊரிலேயே பட்டை போட்டுப் பதனிட்டு மெதுவான, அதாவது மிருதுவான, தோலாக்கி, கட்டுகளைத் தாங்களே தைத்துக்கொள்வது என்று கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானித்தார். எட்டுத் தோலில் வேலை தொடங்கியது. மூன்று, கையில் பிடித்தால் துணியாய் விழும் பதத்துக்கு வந்தன. மூன்று பலகை மாதிரி விறைத்துப்போயின. இரண்டு அழுகின. ஒரே வளவு, ஒரே பட்டை, ஒரே ஆட்கள். பிறகு ஏன் மூன்று விதமான முடிவு என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வேலை நடந்த நாட்களில் அந்த வளவுக்குப் போய்வந்து பார்த்ததையும், சம்பந்தப்பட்டவர்களைப் பிறகு விசாரித்து அறிந்ததையும் வைத்து எழுதுகிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

தோல் வந்த விதம்

அந்த வருடம் ஹஜ் பெருநாள் ஜூன் 17. வைகாசிச் சடங்கு முடிந்து ஊரில் மச்சம் சமைக்கத் தொடங்கியிருந்த நேரம். குர்பான் கொடுத்த ஆட்டின் தோலை அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்க முடியாது, விற்றுக் காசைத் தான் எடுத்துக்கொள்ளவும் முடியாது. தானே பாவிக்கலாம், தானமாகக் கொடுக்கலாம். ஆகவே பெருநாளன்று தோல் குவியும், வாங்க வருகிறவர் குறைவாக இருக்கும். ஏறாவூரில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம்) அண்ணாவியார் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். விலையைப் பற்றி வாயெடுத்தபோது காக்கா தடுத்துவிட்டார்: “இதுக்குக் காசு பேசப்படா அண்ணாவியார். கொண்டு போங்க, பிரயோசனமா ஏதும் செய்ங்க.”

முதல் நான்கு தோல் காலை பத்து மணிக்குள் வந்தன. மாமர நிழலில் விரித்து, சதைப்பக்கத்தில் கல்லுப்பை அள்ளிப்போட்டுத் தேய்த்தார்கள். மற்ற நான்கும் அறுத்த வீடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, உரப்பையில் கட்டி, ஓட்டோவில் பின்னேரம்தான் வந்து சேர்ந்தன. பையை அவிழ்த்தபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு. வெளியில் 33, 34 பாகை வெக்கை. உள்ளே அதைவிடக் கூட.

அந்த நான்கில் இரண்டைப் பார்த்துக் குழுவில் ஒருவர் சந்தோஷப்பட்டார். வயிற்றுப்பக்கத்து மயிரை இரண்டு விரலால் கிள்ளினால் கையோடு வந்தது. “சுண்ணாம்பே தேவையில்ல போல!” உண்மையில் அது அழுகலின் முதல் அடையாளம். மயிர் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய பகுதியைத்தான் கிருமி முதலில் தின்னும். மயிர் தானாகக் கழன்றால், தோலின் மேற்பரப்பும் தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

வெப்பமான ஊரில் உரித்த தோலுக்கு நாலைந்து மணித்தியாலம்தான் தவணை. அதற்குள் தோல் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உப்புப் போட வேண்டும். உப்பு தண்ணீரை இழுத்துக் கீழே வடியவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. உப்புப் போட்ட தோலைக் குவிக்கலாம், போடாததைக் குவிக்கக் கூடாது. இந்த எட்டுத் தோலில் இரண்டின் தலைவிதி பட்டை பார்க்கும் முன்பே, உரப்பைக்குள்ளேயே முடிந்துவிட்டது. மற்ற எந்தக் காரணத்தையும்விட இதில் எனக்கு ஐயமே இல்லை. பையில் வந்த மற்ற இரண்டும் மேலே கிடந்தவை. காற்றுப் பட்டதால் தப்பின.

சுண்ணாம்பு வரை சரியாக நடந்தது

அண்ணாவியாருக்குத் தோல் புதிதல்ல. தன் மத்தளத்துக்குத் தானே தோல் போடுகிறவர். ஊறவைத்து, மயிர் களைந்து, சவ்வெடுத்து, இழுத்துக் கட்டிக் காயவிடுவது வரை அவருக்கு அத்துப்படி. அதனால் இந்தக் கட்டத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. உப்பைக் கழுவி, ஓர் இரவு தண்ணீரில் போட்டுத் தோலைப் பழைய ஈரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பிளாஸ்டிக் பரலில் ஊற்றித் தோல்களை இறக்கினார்கள். காலையும் மாலையும் கொட்டனால் கிண்டிவிட்டார்கள். ஆறாம் நாள் தென்னங்குற்றியைச் சரித்துவைத்து, தோலை அதன்மேல் போட்டு, முனை மழுங்கிய கத்தியால் தள்ளினார்கள். மயிர் கற்றையாக வழிந்தது. பின்பக்கத்துச் சவ்வும் கொழுப்பும் அதே குற்றியில் போயின.

சுண்ணாம்பின் வேலை மயிர் எடுப்பதோடு நிற்பதில்லை. தோல் என்பது கொலாஜன் நார்கள் பின்னிப் பிணைந்த ஒரு பாய். காரம் அந்த நார்க்கட்டுகளை வீங்கவைத்து இடைவெளி விடும். இடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு புரதங்களைக் கரைக்கும். கொழுப்பில் ஒரு பகுதியைச் சவர்க்காரமாக்கும். பின்னால் பட்டை அவித்த துவர்நீர் உள்ளே போவதற்கான வாசல் இங்கேதான் திறக்கிறது.

பழுதான இரண்டும் குற்றியில் அம்பிட்டுக்கொண்டன. கத்தி பட்ட இடமெல்லாம் மேற்பரப்பு உரிந்து, வயிற்றில் ஓட்டை விழுந்தது. தென்னையடியில் புதைத்தார்கள். எஞ்சியது ஆறு.

தவிட்டுப் பரல்

வீங்கிய தோலை அப்படியே பட்டைநீரில் போடக் கூடாது. உள்ளே நிற்கும் சுண்ணாம்பு துவரோடு சேர்ந்து கறுத்து, தோலை முறுகச் செய்யும். சுண்ணாம்பை வெளியே எடுக்கப் பழைய பதனிடுகாரர் புறா எச்சம், நாய் மலம் எல்லாம் பாவித்திருக்கிறார்கள். அதிலுள்ள நொதிகள் தோலை இளக்கிவிடும். இங்கே அந்தப் பேச்சை எடுத்ததும் வீட்டுப் பெண்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். நெல்லுத் தவிடுதான் முடிவு. தவிட்டை வெந்நீரில் கரைத்து மூடிவைத்தால் ஒரு நாளில் புளித்து நுரைக்கும். அந்தப் புளிப்பு சுண்ணாம்பை அறுக்கும். நுரையின் வாயு நார்களை உள்ளிருந்து தள்ளி விலக்கும்.

அண்ணாவியாரின் மருமகள் மாட்டுக்குத் தவிடு கரைத்துப் பழக்கப்பட்டவர். தவிட்டுப் பரல் அவர் பொறுப்பு. ஆறு தோலும் ஒரு பரலில் கொள்ளாது என்பதால் மூன்று மூன்றாகப் பிரித்தார்கள். முதற்பரலுக்குப் புதுத் தவிடு கிடைத்தது. இரண்டு இரவு நன்றாக நுரைத்தது. இரண்டாம் பரலுக்கு வந்தது மில்லில் பழசாகக் கிடந்த தவிடு, அதுவும் அளவு குறைய. மறுநாளே அதிலிருந்த மூன்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள்.

“மாமா, இது இன்னும் வழுக்குது, றப்பர் மாதிரித் துள்ளுது,” என்று மருமகள் சொல்லியிருக்கிறார். “பட்டைத் தண்ணி ஆறமுதல் போடோணும் புள்ள, எடு,” என்பது மாமாவின் பதில்.

அவர் சொன்னதுதான் சரியான சோதனை. சுண்ணாம்பு போன தோலைப் பெருவிரலால் அமுக்கினால் தடம் அப்படியே நிற்கும். போகாத தோல் துள்ளி நிமிரும். இன்னொரு சோதனையை அவரே கண்டுபிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தோலின் கழுத்துப் பக்கத்தில், தடிப்பான இடத்தில், ஒரு ஓரத்தை வெட்டி, வெட்டுமுகத்தில் மஞ்சளைத் தேய்த்தார். ஆலாத்தி கரைக்கிற வீட்டில் எவருக்கும் தெரியும்: மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். முதற்பரல் தோலில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இரண்டாம் பரல் தோலின் வெட்டுமுகத்தில், நடுவில், ஒரு சிவப்புக் கோடு ஓடியது. ஆனால் இதை அவர் செய்து பார்த்தபோது அந்த மூன்றும் பட்டைநீருக்குள் போய் ஒரு நாளாகியிருந்தது.

எந்தப் பட்டை

பட்டை பற்றிய பேச்சு வளவில் பல நாள் நடந்தது, சுவையாகவும் நடந்தது. வாவியில் தொழில் செய்த ஒரு முதியவர் கண்டல் பட்டையைச் சொன்னார். நைலோன் வலை வருமுன் பருத்தி வலையைக் கண்டல் பட்டை அவித்த தண்ணீரில் தோய்த்துத்தான் உக்காமல் காத்தார்கள். துவர்ச்சத்து, அதாவது தோலைப் பதனிடும் டானின், மிகுந்த பட்டை அது. ஆனால் கண்டல் வெட்டுவது சட்டப்படி குற்றம், வெட்டவும் கூடாது. வாவியின் இறாலும் மீன்குஞ்சும் அந்த வேரில்தான் கிடக்கின்றன. அதோடு கண்டல் பட்டை தனியே பாவித்தால் தோல் செம்பட்டையாய், முரடாய் வரும். சதங்கைக் கட்டுக்கு அது உதவாது.

பனிச்சங்காயும் பேச்சில் வந்தது. அதன் சாற்றையும் வலைக்கும் தோணிக்கும் பூசியிருக்கிறார்கள். அதன் பிசின் தோலில் படியும் என்று விட்டுவிட்டார்கள். ஆற்றங்கரை மருதின் பட்டையிலும் துவர் உண்டு, ஆனால் பட்டை உரித்தால் மரம் பாழ்.

கடைசியில் நின்றது ஆவரசு. தமிழ்நாட்டில் ஆவாரை என்பார்கள். வெட்டினால் துளிர்க்கும் செடி, வரண்ட வெறும்வளவில் தானாக நிற்கும். கொப்பை வெட்டி, பச்சையிலேயே பட்டையை உரித்து, காயவைத்து இடித்தால் சரி. அதன் பட்டையில் 15 முதல் 20 வீதம் வரை துவர்ச்சத்து இருக்கும். தோல் எடைக்குச் சமமாகவாவது பட்டை வேண்டும் என்பதால் பல வளவு அலைய வேண்டியிருந்தது. இதற்கு மேல் கடுக்காய், மருந்துக்கடையில் வாங்கியது, கொட்டை நீக்கி இடித்தது. அம்பாறைக்கு அப்பால் நில்கல காட்டுப்பக்கம் இந்தக் கடுக்காய் மரத்துக்குப் பேர் போனது. கடுக்காயின் துவர் 30 வீதத்துக்கும் மேலே போகும்.

இந்தச் சோடி இவர்கள் கண்டுபிடித்ததல்ல. மதராஸ் மாகாணத்தில் திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கங்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காய் நீரில் முடித்த ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும்தான் வெள்ளைக்காரன் காலத்தில் அரைப்பதனாக (பாதி பதனிட்ட தோலாக) லண்டனுக்குக் கப்பலேறின. ஆவாரம்பட்டைத் தோல் வெளிறிய மஞ்சளாய் அழகாக வரும், ஆனால் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுக்கும். குரோமிய உப்பில் சில மணி நேரத்தில் பதனிடும் முறை வந்ததும் (சென்னையில் ஒரு பேட்டைக்கே குரோம்பேட்டை என்று அந்தப் பெயர் விழுந்தது) பட்டைக்காரர் பலர் ஒதுங்கினார்கள். குரோமியத்தைக் கிராமத்து வளவில் தொடுவது புத்தியல்ல. அதன் கழிவைக் கிணற்றடி மணலில் ஊற்றினால் ஊரே குடிக்கும்.

ஒரு சின்ன விடயம்: பழைய எண்ணெய்த் தகரப் பரலொன்றில் சோதனைக்கு ஒரு துண்டைப் போட்டார்கள். இரவோடு இரவாக அது நீலக்கறுப்பாகிவிட்டது. துவரும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்து எழுத்து மை அப்படித்தான் செய்யப்பட்டது. அதன்பின் தகரப் பரலும், இரும்புக்கறை படியும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் இரண்டும் விலக்கப்பட்டன. கட்டுக்கிணற்றுத் தண்ணீர் மட்டும்.

தற்செயலாய் அமைந்த பரிசோதனை

பட்டையை அவித்து இறக்கிய முதல் நீர் கடும் சிவப்பு, நாக்கில் வைத்தால் வாயே இழுக்கும். அது நேரே இரண்டாம் தவிட்டுப் பரலிலிருந்து எடுத்த தோல்களுக்குப் போனது, ஏனென்றால் அந்த மூன்று தோலும்தான் முதலில் வெளியே வந்து காத்திருந்தன. மறுநாள் அதே பட்டையை இரண்டாம் முறை அவித்தபோது வந்தது மங்கலான நீர். அது, தவிட்டில் இன்னொரு இரவு கிடந்த முதற்பரல் தோல்களுக்கு வாய்த்தது. பட்டை போதவில்லையே என்று எல்லோருக்கும் கவலை. அந்தப் பற்றாக்குறைதான் அந்த மூன்று தோலையும் காப்பாற்றியது.

கடும் நீரில் போட்ட தோலின் மேற்பரப்பு துவரை அவசரமாக வாங்கி இறுகிவிடும். இறுகியபின் உள்ளே போக வழி இல்லை. வெளியில் பார்த்தால் நல்ல பழுப்பு, முகத்தில் சுருக்கம், நடுவில் பச்சைத் தோல். மங்கலான நீரில் போட்டது மெதுமெதுவாக நடுவரை குடிக்கும். பிறகு நாளுக்கு நாள் நீரின் கடுமையைக் கூட்டலாம். பழைய பதனிடுகாரர் குழிகளை வரிசையாய் வைத்து, துவர் ஓடிப்போன பழைய நீரில் தொடங்கிப் புது நீரில் முடித்ததன் காரணம் இதுவே.

பத்து நாளில் இரண்டாம் பரல் தோல் மூன்றும் நிறம் பிடித்து “ஆகிவிட்டன”. முதற்பரலில் மூன்றாம் வாரமும் நீர் மாற்றிக்கொண்டிருந்தார்கள், கடைசி நாட்களில் கடுக்காய்.

வெயிலும் கச்சானும்

இரண்டாம் பரல் தோல்களை எடுத்து அண்ணாவியார் என்ன செய்தார் என்பதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைக்கிறேன். அவர் கை மத்தளத்துக்குப் பழகிய கை. தோலைக் கண்டால் இழுத்து முளையடித்துக் காயவிடும். அப்படியே செய்தார். வளவின் நடுவில், நல்ல வெயிலில், நாலு புறமும் இழுத்து, முளையடித்து. மலைப்பக்கமிருந்து கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கிழக்கில் அடிக்கும் அந்தக் காற்றில் ஈரச்சேலையே அரை மணித்தியாலத்தில் காயும். பின்னேரம் தட்டிப் பார்த்தார், டும் என்று சத்தம் வந்தது. மத்தளக்காரருக்கு அது நல்ல சத்தம்.

தோல் காயும்போது நாருக்கு நடுவே இருக்கும் தண்ணீர் வெளியேறும். இடம் வெறுமையானதும் நார்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தோல் விறைப்பது இதனால்தான், மத்தளம் பேசுவதும் இதனால்தான். மெதுவான தோல் வேண்டுமென்றால் இந்த ஒட்டுதலைத் தடுக்க வேண்டும். துவர் ஓரளவு தடுக்கும்: நார்களைப் பற்றிக்கொண்டு உக்காமல் காக்கும், சூட்டையும் தாங்கவைக்கும். எண்ணெய் மீதியைத் தடுக்கும்: தண்ணீர் விட்டுப்போன இடத்தில் புகுந்து நாரை வழுக்கவிடும். ஆனால் எண்ணெயும் துவரும் போட்ட தோலைச் சும்மா காயவிட்டாலும் அது விறைக்கும். காயும் நேரம் முழுக்க நாரை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மத்தளக்காரரின் முளையும் கயிறும் செய்வது இதற்கு நேர்மாறான வேலை.

செங்கலடிச் சந்தியில் சப்பாத்தும் செருப்பும் தைக்கும் ஒரு பெரியவரைப் பிறகு கூட்டிவந்து காட்டினார்கள். ஒரு தோலைத் தூக்கி முழங்காலில் தட்டிப் பார்த்துச் சிரித்தார். “வெய்யில்ல போட்டா இப்பிடித்தான் வரும். அரை ஈரத்தில புடிச்சு இழுக்கோணும் மனே. காயிறவரைக்கும் கையை எடுக்கப்படா.”

முதற்பரல் தோல்களுக்கு அவர் சொன்னபடி நடந்தது. நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, கிடுகுப் பந்தலுக்குள் கொடியில் போட்டார்கள். சொட்டு நின்றதும் இரண்டு பக்கமும் எண்ணெய்: தேங்காய் எண்ணெயும் மீன் எண்ணெயும் கலந்து, முட்டை மஞ்சட்கரு சேர்த்துக் கடைந்தது. மஞ்சட்கரு எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும். ஈரத்தோலுக்குள் எண்ணெய் இறங்க அது உதவும். மீன் எண்ணெயின் வாடை ஒரு மாதம் நின்றது, அது வேறு கதை.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. உடைந்த துடுப்பொன்றின் அலகை மேலே பார்க்க நிலத்தில் நட்டு, விளிம்பை அரம்போட்டு மழுக்கியிருந்தார்கள். தோலின் சதைப்பக்கத்தை அந்த விளிம்பில் வைத்து, இரண்டு கையாலும் இரு பக்கமும் பிடித்துக் கீழே இழுப்பது. ஒரு இழுப்புக்கு உள்ளங்கை அகலம் வெள்ளையாய் வெளிக்கும். அந்த வெள்ளைதான் நார் பிரிந்த அடையாளம். தோலைச் சுழற்றி அடுத்த இடம். ஒரு சுற்று முடியும்போது முதல் இடம் மறுபடி கொஞ்சம் இறுகியிருக்கும், மறுகா தொடக்கத்திலிருந்து. ஓரங்கள் முந்திக் காயும், அவற்றுக்கு ஈரத்துணி. கழுத்து கடைசியில் காயும், அதற்கு இரண்டு பேர். ஒரு தோலுக்கு ஆள் மாறிமாறி அரைநாள் போனது. இளம் கூத்தர்கள் தாளக்கட்டுச் சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். அண்ணாவியார் தள்ளியிருந்து பார்த்தார், பிறகு தானும் வந்து பிடித்தார். பின்னேரம் அந்தத் தோலைக் கசக்கி உள்ளங்கைக்குள் அடக்க முடிந்தது.

மூன்று காரணத்தில் எது

கவனமாகப் பார்த்தால், விறைத்த மூன்றுக்கும் மூன்று குறை ஒன்றாக விழுந்திருக்கின்றன: சுண்ணாம்பு போகவில்லை, முதல் நீர் கடுமை, காயவைத்த விதம் தவறு. நல்ல மூன்றுக்கும் மூன்றும் சரியாக அமைந்தன. ஆகவே எது எவ்வளவு பங்கு என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. வெட்டுமுகம் சொல்லும்.

விறைத்த மூன்றையும் கழுத்தில் வெட்டிப் பார்த்தோம். இரண்டில் பழுப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று அடுக்கு. நடு வெள்ளையில் மஞ்சள் தேய்த்தால் சிவப்பு. ஒரு துண்டை 70 பாகைத் தண்ணீரில் போட்டபோது நடு அடுக்கு சுருண்டு வெளி அடுக்கை வளைத்தது. பச்சைத் தோல் 60 முதல் 65 பாகைக்குள் சுருங்கிவிடும், பட்டையில் முழுதாய்ப் பதனிட்டது 75க்கு மேலும் நிற்கும்; எனவே நடுவில் துவர் போகவில்லை என்பது உறுதி. மூன்றாவது, மற்றவற்றைவிட மெல்லிய சின்னத் தோல். அதில் வெட்டுமுகம் முழுக்க ஒரே பழுப்பு, மஞ்சளும் சிவக்கவில்லை. மெல்லியது என்பதால் குறைத் தவிடும் கடும் நீரும் அதைப் பாதிக்கவில்லை. ஆனாலும் அது விறைத்துத்தான் இருந்தது. அதற்கு வெயிலையும் முளையையும் தவிர வேறு காரணம் இல்லை.

மீட்க முடியுமா என்று பார்த்ததும் இதையே காட்டியது. மூன்றையும் மறுபடி ஊறவைத்து, எண்ணெய் பூசி, துடுப்பில் இழுத்தார்கள். சின்னத் தோல் திரும்பி வந்தது. முதல்தரம் இல்லை, கட்டுக்குப் போதும். மற்ற இரண்டும் அசையவில்லை. தோல் மெதுவாவது பட்டையால் என்று தொடங்கியவர்கள், பட்டை சரியாக ஏறிய தோலையும் விறைக்கவைத்து, பிறகு கையாலேயே இளக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

அண்ணாவியாரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மயிர் களைவது, சவ்வெடுப்பது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் அவர் கையால்தான் சரியாக வந்தன. ஊரில் தோலைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மேளத்தின் வழியாகத் தெரிந்தவர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் வேலை என்றதும் இங்கே சாதிப் பேச்சு வரும். பறைமேளம் அடிக்கிறவர்கள் மேல் சுமத்திவைத்த இழிவு தோலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வளவிலும் “இதெல்லாம் எங்கட வேலையா” என்று முகம் சுளித்த சொந்தக்காரர் இருந்தார்கள். பதனிடும் அறிவு இந்தப் பக்கத்தில் வேர்விடாமல் போனதற்கு அந்தச் சுளிப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பிறகு

நாலு தோலிலிருந்து குழுவில் எல்லோருக்கும் கட்டு வெட்டித் தைத்தார்கள். முதல் நாள் பழக்கத்தில் ஒரு புதுத் தலையிடி: வியர்வை ஊறியதும் எல்லோர் கணுக்காலும் மஞ்சட்பழுப்பு. எண்ணெய்க்கு முன் அலசல் போதாமல், நாரைப் பற்றாத துவர் உள்ளே நின்றதுதான் காரணம். கட்டுகளை இரண்டு முறை தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மறுபடி கொஞ்சம் எண்ணெய் தடவிக் கசக்கியதும் கறை மிகக் குறைந்தது. அரங்கேற்றத்தில் விடியும்வரை ஆடியவர்களின் கணுக்காலில் கறை இருந்தது, காயம் இல்லை. விறைத்த இரண்டு தோலையும் ஒரு சைக்கிள் கடைக்காரர் கேட்டு வாங்கிப் போனார். பம்புக்கு வாஷர் வெட்ட அவருக்குத் திடமான தோல்தான் வேண்டும்.

காசுக் கணக்குப் பார்த்தால் இது தொழிலாகாது. பட்டை தேடிய அலைச்சலையும் துடுப்படியில் போன அரைநாட்களையும் கூலியாக எண்ணினால், ஒரு கட்டின் விலைக்குப் பல றெக்சின் கட்டு வாங்கலாம். தங்கள் காலுக்குத் தாங்கள் செய்துகொள்கிறவர்களுக்குத்தான் இது சரிவரும். மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடும் வேலையும் அவர்களுடையதே.

அடுத்த பெருநாளுக்கு அவர்கள் மாற்றியது இரண்டு. முதல் நாளே காக்காவின் கடைக்கு உப்பு மூட்டையும் இரண்டு இளைஞரும் போனார்கள். உரித்த இடத்திலேயே உப்பு. மற்றது, பாவித்த பட்டைநீரைக் கொட்டவில்லை. துவர் ஓடிப்போன அந்தப் பழைய நீர்தான் அடுத்த தோலுக்கு ஏற்ற முதல் நீர் என்று பரலோடு வைத்திருந்தார்கள். டெங்குச் சோதனைக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அதைத் திறந்து பார்த்து, நுளம்புக்குடம்பி இல்லாவிட்டாலும், வலையடித்த மூடி போடாவிட்டால் அடுத்த முறை வழக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூடி போட்டாயிற்று.